தூம்பு திறந்த மார்கழி

நம் வயதுக்காரர்களில், எளாவூருக்குக் கிழக்கே ஏரி வரைக்கும் காலால் நடந்து போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? லாரியில் தொற்றிக்கொண்டு போனவர்கள் கணக்கில் வேண்டாம். நடந்திருந்தால் ஒன்று தெரிந்திருக்கும். சேறு முழங்கால் வரை ஏறும். காய்ந்ததும் சேறு தானாக உதிர்ந்துவிடும், தோலில் வெள்ளை மட்டும் மிஞ்சும். அந்த வெள்ளையை நக்கிப் பார்க்காத பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது. நான் தினமும் நக்கினேன்.

ஏரி என்றால் பழவேற்காட்டு ஏரி. பெயர்தான் ஏரி, தண்ணீர் உப்பு. அதன் ஓரத்தில் ஒரு துண்டுத் தண்ணீரை மடக்கி நிலமாக்கியிருந்தார்கள். மடக்கியவர் என் மாமா, அதாவது என் அத்தையின் வீட்டுக்காரர். அவரும் அவருடைய அண்ணன் தம்பிகளும் கோடைக்குக் கோடை சேறு வெட்டித் தலையில் சுமந்து ஆள் உயரத்துக்கு ஒரு கரை போட்டார்கள். கரைக்கு அந்தப் பக்கம் ஏரி, இந்தப் பக்கம் ஏரியாக இருந்த கழனி. ஏரியின் மட்டத்தைவிடக் கழனி பள்ளம். கழனியில் நின்று நிமிர்ந்து பார்த்தால் கரைக்கு மேலே பாய் மட்டும் நகரும், படகு தெரியாது. "எங்க அத்த கழனியில தலைக்கு மேல படகு போவும்" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி, பொய் சொன்னதற்காக டீச்சரிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். இன்றைக்கும் அது பொய்யில்லை.

கரையின் அடியில் ஒரு தூம்பு உண்டு. தூம்பு என்றால் பெரிய சமாசாரம் இல்லை, உள்ளே குடைந்த பனைமரம். கரையைக் குறுக்கே துளைத்துக்கொண்டு படுத்திருக்கும். ஏரிப் பக்க வாயில் பூவரசங்கட்டையில் செதுக்கிய அடைப்பு, அதைச் சுற்றி வைக்கோல், வைக்கோலுக்கு மேல் மாமாவின் பழைய வேட்டிக் கிழிசல். கழனியில் தேங்குகிற தண்ணீரை வெளியே அனுப்பத்தான் அது.

எதற்கு அனுப்ப வேண்டும்? உப்பைக் கழுவ. மழைத் தண்ணீரைக் கழனியில் கட்டி நிறுத்தினால் அது மண்ணின் உப்பை உறிஞ்சிக்கொள்ளும். ஏரி மட்டம் வடிகிற நாளாகப் பார்த்துத் தூம்பைத் திறந்தால் உப்போடு தண்ணீர் போய்விடும். மறுபடி மழை, மறுபடி கட்டு, மறுபடி திற. வருடக்கணக்கில் இதுதான் வேலை. கழுவியது போதுமா என்று பார்க்கக் கருவி ஏது? நாக்குதான். அத்தை ஒரு சிட்டிகை மண்ணை நுனிநாக்கில் வைத்துக் கண்ணை மூடுவாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். "த்தூ. இன்னும் கீது" என்பாள். ஒரு புரட்டாசியில், "இல்ல" என்றாள். இன்னொரு சிட்டிகை எடுத்து வைத்துப் பார்த்து, "இல்லடி!" என்று என் முதுகில் சேற்றுக் கையால் அறைந்தாள். புதுப்பாவாடை. அம்மாவிடம் யார் திட்டு வாங்கியது என்று கேட்க வேண்டாம்.

அந்த "இல்ல"வைக் கேட்க மாமா இல்லை. அதற்கு முந்தியே காய்ச்சலில் போய்விட்டார். பாகம் பிரித்தபோது மேட்டுப் பக்கத்தை அண்ணன் தம்பிகள் வைத்துக்கொண்டு, கரையை ஒட்டிய ஆகப் பள்ளமான துண்டை அத்தைக்குத் தள்ளினார்கள். அவளுக்குப் பிள்ளை குட்டி இல்லை. கேட்க ஆளும் இல்லை. "நல்லதாப் போச்சி, மீனு கிட்டக்கவே கெடைக்கும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டாளாம்.

அந்தத் துண்டின்மேல் இன்னொருவருக்கும் கண் இருந்தது. ஊருக்குத் தெற்கே பாத்தி கட்டி உப்பு எடுத்துக்கொண்டிருந்தவர். பெயர் எதற்கு, உப்புக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் ஆகாத பள்ளம் அவருக்கு ஆகும். தூம்பைத் திறந்துவிட்டால் ஏரித் தண்ணீர் தானே வந்து உட்காரும், வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அவர் சைக்கிளில் வந்து நைனாவைப் பார்ப்பார். நைனா என்றால் என் அப்பா. எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம், ஆந்திரா கூப்பிடு தூரம்தானே. நைனா அத்தைக்குத் தம்பி. அக்கா ஒண்டியாகச் சேற்றில் கிடந்து சாகிறாள் என்ற கவலை அவருக்கு நிஜமாகவே இருந்தது. அந்தக் கவலையை அவர் காட்டின விதம்தான் சரியில்லை. அத்தையை எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"அக்கா, இந்த ஒரு போகம் பாரு. அறுத்துட்டியா, நெலம் உன் இஷ்டம். நான் வாயத் தெறக்க மாட்டேன். அறுக்கலன்னா, தையில உப்புக்காரருக்கு உட்டுட்டு எங்க ஊட்டுக்கு வந்துடு."

"வந்து?"

"வந்து இன்னா, சாப்டுக்கினு இரு."

"உங்க ஊட்டுல மாடுகூட சும்மா சாப்டலடா. பாலு குடுக்குது."

அம்மா அடுப்பங்கரையிலிருந்து, "வரட்டும் அண்ணி, நான் இன்னா வேணாம்னா சொல்றேன்?" என்றாள்.

"நீ சொல்லலம்மா. சொல்லாமயே நல்லாக் கேக்குது."

அம்மா கரண்டியைக் கொஞ்சம் பலமாக வைத்தாள். நைனா சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆனால் பேச்சு பேச்சுதான். ஒரு போகம். உப்புத் தண்ணீரை ஒருமுறை உள்ளே விட்டுப் பாத்தி கட்டினால், அத்தை கழுவின கழுவெல்லாம் போச்சு. அப்புறம் அவள் ஆயுளுக்கு அங்கே நெல் வராது. இது எனக்கே தெரியும், நான் அப்போது ஆறாவது.

நட்டார்கள். ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. பயிர் கருத்துக் கிளைத்து வந்தது. நான் சனி ஞாயிறெல்லாம் அத்தை வீட்டில்தான். புத்தகப் பையோடு போவேன், புத்தகத்தைத் திறக்காமல் வருவேன். மீனவர் குப்பத்திலிருந்து மீன் கூடையோடு ஒரு பெண் கரைமேல் வருவாள். கூடைக்கார அக்கா என்போம். அத்தைக்கும் அவளுக்கும் தினம் ஒரு சண்டை, சண்டை இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் பொழுது போகாது.

"யக்கா, எங்க மீனு இருந்த எடத்துல நெல்லப் போட்டுட்டு, எங்ககிட்டயே வந்து மீனு கேக்குறியே, வெக்கமா இல்ல?"

"உங்க ஏரி நண்டு எங்க கரையத் தொளைச்சிக்கினு கீது. அதுக்கு வாடகை கேட்டனாடி?"

"நண்டக் கேளு. நான் எறா விக்கிறவ."

பிறகு ஒரு கை இறால் கூடுதலாக விழும், அறுப்புக்கு அப்புறம் ஒரு கட்டு வைக்கோல் தருவதாக அத்தை சொல்வாள். பூநாரைகள் தூரத்தில் கூட்டமாக நிற்கும். எனக்கு அவை யாரோ காயப்போட்ட ரோஸ் கலர் துணி மாதிரி தெரியும்.

கார்த்திகை பாதியில் மழை நின்றுவிட்டது. நின்றால் நின்றதுதான். வானம் துடைத்த ஈயப் பாத்திரம் மாதிரி ஆகிவிட்டது. அரையாண்டு லீவுக்கு நான் போனபோது மார்கழி. கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற நேரம். கழனி வெடித்திருந்தது. வெடிப்பில் என் ஜியாமெட்ரி பாக்ஸின் ஸ்கேலை விட்டு ஆழம் பார்த்தேன். ஸ்கேல் உள்ளே போய்விட்டது, இன்னும் அங்கேயேதான் இருக்க வேண்டும். அத்தை மண்ணெண்ணெய் டின்னில் ஊர்க் குட்டையிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றினாள். ஊற்றின சுவடு தெரியாது.

கரைக்கு அந்தப் பக்கமோ ஏரி தளும்பியது. மேற்கே பெய்த மழையெல்லாம் ஆரணியாற்றில் வந்து ஏரியில் சேர்ந்திருந்தது. செம்மண் நிறம். கூடைக்கார அக்கா ஒரு காலையில் கரையோரம் குனிந்து முகம் கழுவி, வாய் கொப்பளித்தாள். துப்பவில்லை, முழுங்கிவிட்டாள்.

"யக்கா! ஏரி குடிக்கிற தண்ணியா கீது!"

அத்தை ஓடி வந்து அள்ளிக் குடித்தாள். கண்ணை மூடினாள். திறந்தாள். மறுபடி அள்ளினாள். நைனாவுக்கு ஆள் போயிற்று. அவர் வந்து குடித்தார். பின்னாலேயே பாதி ஊர் வந்தது. கல்யாண வீட்டில் பாயசம் ருசி பார்க்கிற மாதிரி ஆளாளுக்கு அள்ளி அள்ளிக் குடித்தார்கள். "காபி போட்லாம் போல" என்றார் ஒருவர். நானும் குடித்தேன். மண் வாசனை அடித்ததே தவிர உப்பு கொஞ்சமும் இல்லை.

"தெறந்து உட்லாம்க்கா" என்றார் நைனா.

அத்தை கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். "வெளிய உட்டுத்தான் பழக்கம். உள்ள உட்டதில்லியே."

"நாலு நாளு போனா அத்தினியும் பதருதான். அப்புறம் தெறந்து இன்னாத்துக்கு? நாக்கு பொய் சொல்லுமா?"

அந்தக் கேள்விக்குத்தான் அத்தை மசிந்தாள். அவள் நிலமே நாக்கை நம்பி வந்த நிலம். "சரி, தெற" என்றாள்.

நைனா வேட்டியை மடித்துக் கட்டி ஏரியில் இறங்கி, முக்கி, அடைப்பைப் பிடுங்கினார். உள் வாயில் தண்ணீர் கொப்பளித்து வந்தது. வெடிப்புகளில் அது இறங்கும்போது ஒரு சத்தம் கேட்டது, சூடான கல்லில் தோசை மாவு விழுகிற சத்தம். நாங்கள் பிள்ளைகள் தண்ணீரோடு போட்டி போட்டு ஓடினோம். சாயங்காலத்துக்குள் கழனியில் கால்வாசி நனைந்திருந்தது. மிச்சத்துக்கும் பாயட்டும் என்று தூம்பைத் திறந்தபடியே விட்டார்கள். அத்தை அன்று ராத்திரி வெல்லம் போட்டுக் கஞ்சி காய்ச்சினாள். நைனாவும் அங்கேயே சாப்பிட்டார். அக்காவின் கழனிக்கு அவர் செய்த முதல் காரியம் அது. அவர் முகத்தில் அந்தப் பெருமையைப் பார்த்தேன்.

காலையில் பல் விளக்கக் கரைக்குப் போனேன். வரப்பின்மேல் தவளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி. எனக்கு ஒரே சிரிப்பு. ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். அத்தை சிரிக்கவில்லை. போட்டது போட்டபடி ஓடினாள். கழனியில் இறங்கி, மேல் தண்ணீரைத் தொடாமல் கையை அடியில் விட்டுச் சேற்றோடு எடுத்து நாக்கில் வைத்தாள். துப்பினாள். திரும்பத் திரும்பத் துப்பினாள்.

எப்படி என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஊரில் யாருக்குமே விளங்கவில்லை, சாபம் என்றார்கள். காலேஜில், பி.யூ.சி. லேபில்தான் விளங்கியது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு கண்ணாடி ஜாடியில் உப்புத் தண்ணீர். அதன்மேல் சிவப்புக் கலந்த நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றுவார்கள். கலக்காது. சிவப்பு மேலேயே நிற்கும், கனமான உப்பு கீழே படுத்திருக்கும். நான் எழுந்து நின்று "தூம்பு!" என்று கத்திவிட்டேன். வகுப்பே சிரித்தது. ஆற்று வெள்ளம் ஏரியின்மேல் ஒரு போர்வையாகத்தான் கிடந்திருக்கிறது. ஊரே போர்வையைக் குடித்துப் பார்த்தது. தூம்பின் வாய் இருந்தது அடியில்.

நைனா ஓடி வந்து அடைப்பைச் சொருகினார். தண்ணீர் நிற்கவில்லை. ராத்திரி முழுக்க ஓடின ஓட்டத்தில் பனைமரத்தைச் சுற்றி மண் கரைந்து, மரத்துக்கு வெளியேயும் வழி உண்டாகியிருந்தது. ஆண்கள் சாக்கில் சேறு திணித்துக் கொண்டுவந்து போட்டார்கள். போடப் போட உறிஞ்சியது. அதை அடைக்க மத்தியானம் தாண்டும் என்று பார்த்தாலே தெரிந்தது. அதற்குள் உப்பு மேல் பாதிக்கும் ஏறிவிடும். பார்த்துக்கொண்டு நிற்கையிலேயே ஒவ்வொரு நெற்குத்தாக நனைந்துகொண்டு வந்தது.

"நடுவுல ஒரு வரப்பு போடணும்" என்றாள் அத்தை.

"இன்னும் மேல போய்ப் போடுக்கா. அதாவது தப்பிக்கும்" என்று நைனா மேட்டைக் காட்டினார்.

"அவ்ளோ குடுக்க முடியாது. இங்க." அவள் நின்ற இடத்திலிருந்து தண்ணீர் இரண்டு எட்டுதான்.

மண்வெட்டி போட்டார்கள். காய்ந்த களி, கல் மாதிரி தெறித்தது. ஒரு கூடை மண் சேருவதற்குள் தண்ணீர் அத்தையின் காலைத் தொட்டுவிட்டது. அத்தை குனிந்தாள். ஒரு நெற்குத்தை அடியோடு பிடித்து ஆட்டிப் பிடுங்கினாள். வேரோடு ஒரு பானை அளவு களி வந்தது. அதைப் படுக்கப் போட்டாள். அடுத்த குத்து. அதையும் அதன் பக்கத்தில் ஒட்டிப் போட்டு மிதித்தாள்.

நைனா கத்தினார். "அக்கா! பாலு புடிச்ச கதிருக்கா அது!"

"தெரியும்டா. நட்டது நான்."

 அம்மா புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கினாள். அவளும் அத்தையும் ஒரு வேலையைச் சேர்ந்து செய்து நான் பார்த்தது அன்றுதான். கூடைக்கார அக்கா மீன் கூடையைக் கரையில் இறக்கி வைத்தாள், காக்கைக்குக் காவலாக என்னை நிறுத்தினாள். என்னால் நிற்க முடியுமா? காக்கை தின்றது தின்னட்டும் என்று நானும் இறங்கிவிட்டேன். பிடுங்கும்போது கதிர் முகத்தில் அடிக்கும். நசுங்கின மணியிலிருந்து பால் கையெல்லாம் வழிந்து பிசுபிசுத்தது. பச்சை நெல்லுக்கு ஒரு வாசனை உண்டே, கரும்பும் புல்லும் கலந்த மாதிரி, அன்று அது தாங்க முடியாமல் அடித்தது.

கரைமேல் நின்றிருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னார், எங்கள் காதில் விழட்டும் என்றுதான். "தம்பிக்காரரு நேக்கா முடிச்சிட்டாரு. தையில உப்புப் பாத்திதான்."

நைனா நிமிர்ந்தார். அவர் முகம் எப்படி ஆனது என்று எழுத வரவில்லை. 

அத்தை குனிந்தபடியே சொன்னாள். "நேத்து நீயும்தான் குடிச்ச. காபி போட்லாம்னது யாரு? எறங்கிப் புடுங்கு."

அவர் இறங்கினார். ஊரே இறங்கியது.

மத்தியானத்துக்கு மேல் தூம்பு அடைபட்டது. தண்ணீர் அந்த வரப்பு வரைக்கும் வந்தது, அதன்மேல் சாய்ந்து நின்றது. ஒன்றிரண்டு இடத்தில் கசிந்தது, அங்கே இன்னும் நெல்லைப் பிடுங்கி அடைத்தார்கள். அதற்கு அப்பால் வரவில்லை. வரப்பு வளைந்து நெளிந்து கிடந்தது, பச்சையாக, பக்கமெல்லாம் கதிர் தொங்கிக்கொண்டு. கல்யாணப் பந்தல் சரிந்து விழுந்தால் அப்படித்தான் இருக்கும்.

கீழ்ப் பாதி கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. பதரான கதிர் தலை குனியாது தெரியுமா? விறைப்பாக நிற்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் நல்ல பயிர் என்றே நினைப்பார்கள். மேல் பாதிக்கு டின் தண்ணீர்தான். விடிந்ததும் ஊர்க் குட்டையிலிருந்து கழனிக்கு டின்களும் குடங்களும் போய்க்கொண்டே இருக்கும். நைனா காவடி கட்டிச் சுமந்தார். தோள் புண்ணாகிவிட்டது. அம்மா மஞ்சள் அரைத்துப் போடும்போது, "வேணும்" என்பாள், எந்த அர்த்தத்தில் என்று தெரியாது.

தைப் பொங்கல் கழிந்து உப்புக்காரர் வந்தார். நைனா அத்தைக்குச் சொன்ன ஒரு போகக் கணக்கு அவருக்கும் தெரியும். சைக்கிளைக் கரைமேலேயே உருட்டிக்கொண்டு வந்து நின்றார். கீழ்ப் பாதியில் தண்ணீர் வற்றி, வெயிலில் உப்பு பூத்துப் பளபளத்தது.

"இன்னா அண்ணாத்தே, எனக்கு வேலையே வெக்கலியே. உப்பு தானா வந்து குந்திக்கினு கீது."

நைனா சிரிக்கவில்லை. அந்த வரப்புக்கு மேலே அத்தையும் அம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் அறுத்துக்கொண்டிருந்தார்கள். கதிர் மெலிசு. அரிவாளுக்கு ஒரு பிடி சேர நாலு குத்தைத் தேட வேண்டியிருந்தது. தாள் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. நானும் கையில் ஒரு சின்ன அரிவாளோடு நிமிர்ந்து பார்த்தேன். நைனா என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அத்தைக்கும் தெரிந்திருக்காது. அவள் அரிவாள் நின்றுவிட்டது.

"பாதிக்கு மேல போயிடுச்சே அண்ணாத்தே. இத அறுப்புன்னு சொல்ல முடியுமா?"

"அவங்க கையில கீறது இன்னா?" என்றார் நைனா.

"அரிவா."

"அப்ப அறுப்புதான்."

"இல்ல அண்ணாத்தே, நீ ஒரு பேச்சு சொல்லிக்கீற..."

"நெலம் அவங்களுது. கேக்குறதுன்னா அவங்களக் கேளு."

நைனா நிலத்தைப் பற்றிப் பேசும்போது அக்காவைக் காட்டி "அவங்களக் கேளு" என்று சொன்னது அதுதான் முதல் தடவை. உப்புக்காரர் அத்தையைப் பார்த்தார். அத்தை அவரைப் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பி, "பாத்துக்கினு நின்னா ஆச்சா? வெயிலு ஏறுது" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தாள்.

 உப்புக்காரர் சைக்கிளைத் திருப்பப் பார்த்தார். கரை குறுகல். முன்சக்கரம் ஏரிப் பக்கம் சரிந்தது, பின்சக்கரம் கழனிப் பக்கம் சரிந்தது. நைனா பக்கத்தில் போய்ப் பின்சக்கரத்தைத் தூக்கி, ஊர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொடுத்தார்.